பத்து வாரமாக நிற்காத சளி இருமல்: பையனுக்கு எதிர்ப்பு சக்தி இல்லையா?

பல்லடத்துப் பக்கமிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். இரண்டே முக்கால் வயதுப் பையன், பத்து வாரமாக இருமல். நெஞ்சில் கை வைத்தால் உள்ளே சளி கரகரப்பது கைக்கே தெரிகிறது. காய்ச்சல் இல்லை, விளையாடுகிறான், சாப்பிடுகிறான். ஐந்தைந்து நாளாக மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்று. கொடுக்கும்போது பாதியாகக் குறைகிறது, நிறுத்தி ஒரு வாரத்தில் பழையபடி வந்து நிற்கிறது. நெபுலைசர் வைத்தாயிற்று, அதில் மாற்றமே இல்லை, எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லையாம். ஒரு டாக்டர் அலர்ஜி என்கிறார், அப்பத்தா உடம்பில் எதிர்ப்பு சக்தியே இல்லை என்கிறார், மருந்துக்கடையில் இம்யூனிட்டி சிரப் எடுத்து நீட்டுகிறார்கள். நல்ல கிருமி உள்ள மருந்து (புரோபயாடிக்) கொடுத்தால் சரியாகுமா, டி.பி.யாக இருக்குமோ, பால்வாடிக்கு அனுப்பலாமா என்று கேள்வி நீள்கிறது. இத்தனைக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: என் பையன் உடம்பில் ஏதோ குறை இருக்கிறதா, அதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனா?

நான் குழந்தை மருத்துவன். திருப்பூர், கோயமுத்தூர் பக்கத்துக் குழந்தைகளைத்தான் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் நிபுணன் அல்ல, அந்தக் கட்டம் வந்தால் அவர்களிடம் அனுப்பி வைக்கிறவன். உங்கள் பையனை நான் பார்க்கவில்லை, அவன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கவில்லை. அதனால் "இதுதான் நோய்" என்று இங்கே எழுத மாட்டேன். இப்படிப்பட்ட இருமலில் பெரும்பாலும் என்ன நடக்கிறது, எதை நிச்சயமாகச் சொல்லலாம், எது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது, அடுத்த தடவை டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் பயத்துக்குப் பதில். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தையின் கதை மாதிரி இது தெரியவில்லை. எதிர்ப்பு சக்தி நிஜமாகவே குறைந்த குழந்தை பத்து வாரம் இப்படி விளையாடிக்கொண்டு, எடை குறையாமல், காய்ச்சல் இல்லாமல் இருப்பது அபூர்வம். அதே சமயம் "சளிதானே, வளர வளரப் போயிடும்" என்று விடக்கூடிய விஷயமும் இல்லை. நான்கு வாரத்துக்கு மேல் தினமும் இருக்கிற சளி இருமலுக்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்து இருமல் முழுசாக நிற்கிற வரைக்கும் விடாமல் பார்க்க வேண்டும். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான், மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

இருமல் என்பதே நோய் அல்ல. பிரிட்டனில் நல்ல ஆரோக்கியமாக இருந்த பள்ளிக் குழந்தைகளின் இருமலை இருபத்துநான்கு மணி நேரம் பதிவு செய்து எண்ணிய ஓர் ஆய்வு 1996இல் வந்தது. சராசரியாக ஒரு குழந்தை ஒரு நாளைக்கு 11 தடவை இருமியது, சில குழந்தைகள் முப்பதைத் தாண்டின. பள்ளிக்கோ பால்வாடிக்கோ போகத் தொடங்கிய சின்னக் குழந்தைக்கு வருஷத்தில் ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது சகஜம். ஒரு தடவை பிடித்த சளியில் வரும் இருமல் பாதிக் குழந்தைகளுக்குப் பத்து நாளில் நின்றுவிடும், பத்தில் ஒன்பது பேருக்கு இருபத்தைந்து நாளுக்குள் நின்றுவிடும். அதனால்தான் நான்கு வாரம் என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். நடுவில் நான்கைந்து நாள் இருமலே இல்லாமல் இருந்து மறுபடி மூக்கு ஒழுகித் தொடங்கினால், அது ஒரே இருமல் அல்ல, அடுத்தடுத்த இரண்டு சளி. இதைப் பெற்றவர்கள் பிரித்துச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்புறம், சத்தம். வறட்டு இருமலா, சளி புரள்கிற ஈர இருமலா என்பது ரொம்ப முக்கியம். இந்த வயதுக் குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் வெளியே சளி வரவில்லையே என்று ஏமாறக் கூடாது. காது கொடுத்துக் கேட்டால் போதும், அம்மாக்கள் இதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் இருக்கின்றன. நொடிக்குப் பத்துத் தடவைக்கும் மேல் அசைந்து, மேலே படிந்திருக்கும் மெல்லிய சளிப் படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. தூசி, கிருமி எல்லாம் அந்தச் சளியில் ஒட்டி மேலே வந்துவிடும், நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். ஒரு வைரஸ் சளி வந்தால் இந்த ரோமங்கள் கொண்ட செல்கள் உதிர்ந்து போகின்றன. மறுபடி முளைத்து ஒழுங்காக அசைய வாரக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் சளி தேங்குகிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற வரைக்கும் கரையில் பாசி பிடிக்காது, நிறுத்தி மடையோரம் தேங்கினால் பிடிக்கும் இல்லையா, அதே போலத்தான் இதுவும். தேங்கிய சளியில் மூக்கிலும் தொண்டையிலும் ஏற்கெனவே குடியிருக்கிற பாக்டீரியா இறங்கி வளரத் தொடங்குகிறது.

இந்த மாதிரிக் குழந்தைகளின் மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தால் மறுபடி மறுபடி மூன்று பேர்தான் வருகிறார்கள்: ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே (நிமோகாக்கஸ் என்பதும் இதுதான்), மொராக்செல்லா கட்டராலிஸ். இவை வெளியே எங்கிருந்தோ வந்த கொடூரக் கிருமிகள் அல்ல. நன்றாக இருக்கும் குழந்தைகளின் மூக்கின் பின்பக்கத்திலும் இவை இருக்கின்றன, அங்கே இருக்கிற வரைக்கும் தொந்தரவு இல்லை. கீழே இறங்கித் தங்கிப் பெருகினால்தான் பிரச்சினை. ஹீமோஃபிலஸுக்கு இன்னொரு குணம் உண்டு. கூட்டமாகச் சேர்ந்து தன்னைச் சுற்றி ஒரு பிசின் போர்வையைப் போட்டுக்கொள்கிறது, அதை பையோஃபிலிம் என்கிறார்கள். அந்தப் போர்வைக்குள் ஆன்டிபயாடிக்கும் வெள்ளை அணுவும் எளிதில் நுழைய முடியாது. ஐந்து நாள் மருந்தில் இருமல் பாதி குறைந்து, நிறுத்தியதும் திரும்புவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். சில குழந்தைகளின் கழுவல் நீரில் பையோஃபிலிமை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எல்லாக் குழந்தைகளிலும் இருமல் திரும்புவதற்கு அதுவே காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை.

நல்ல கிருமி பற்றிக் கேட்டீர்கள். நாங்கள் படித்தபோது நுரையீரல் கிருமியே இல்லாத இடம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது தப்பு என்று இப்போது தெரியும். 2010இல் லண்டன் ஆய்வாளர்கள், பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பதற்குப் பதிலாக அதன் மரபணுவைப் படித்து, நல்ல ஆரோக்கியமான மூச்சுக்குழாயிலும் பலவகை பாக்டீரியா கொஞ்சம் கொஞ்சமாக இருப்பதைக் காட்டினார்கள். அவற்றில் பல வாயிலிருந்து எச்சிலோடு துளித்துளியாக இறங்கியவை. வருகின்றன, வெளியேறுகின்றன, நிலையாகத் தங்குவதில்லை. சளி இருமல் நீடித்த குழந்தைகளில் இந்தப் பலவகைக் கூட்டம் சுருங்கி, மேலே சொன்ன மூன்றில் ஒன்று ஆதிக்கம் செலுத்துவதைப் பார்க்கிறோம். மூக்கிலும் இப்படித்தான்: கோரினிபாக்டீரியம், டோலோசிகிரானுலம் என்கிற இரண்டு இனம் மூக்கில் நிறைய இருக்கும் கைக்குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளி குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் இந்த இரண்டும் அதிகம், ஆன்டிபயாடிக் அடிக்கடி எடுத்தவர்களிடம் குறைவு. இவை குழந்தையைக் காப்பாற்றுகின்றனவா, நன்றாக இருக்கும் மூக்கில்தான் இவை வளர்கின்றனவா என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சித் துறை, இன்னும் பத்து வருஷத்தில் இதிலிருந்து நல்ல மருந்து ஒன்று வரும் என்று உண்மையாகவே நம்புகிறேன். ஆனால் இன்றைக்குக் கடையில் கிடைக்கும் புரோபயாடிக் பொடி குடலுக்குப் போகிற வேறு இனம், அதைக் கொடுத்து மூச்சுக்குழாயின் சளி இருமல் தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆன்டிபயாடிக் எடுக்கும்போது வயிற்றுப்போக்கு வராமல் தடுக்கக் கொஞ்சம் உதவும், அதற்காக டாக்டர் எழுதினால் கொடுங்கள், அவ்வளவுதான்.

இனி எதிர்ப்பு சக்தி. இந்தக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் பார்த்தால் எதிர்ப்பு சக்தி தூங்கிக்கொண்டிருப்பதில்லை, அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருக்கிறது. நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு சாதாரணமாக மூச்சுக்குழாய் நீரில் நூற்றுக்கு ஒருசில இருக்கும். இவர்களிடம் கால்வாசி, அரைவாசி என்று குவிந்து கிடக்கிறது. அவற்றை வரச்சொல்லிக் கூப்பிடும் இன்டர்லூக்கின்-8, இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற சமிக்ஞைப் புரதங்களும் உயர்ந்திருக்கின்றன. கிருமியை முதலில் அடையாளம் காணும் உணர்விகளும் மும்முரமாக இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், நியூட்ரோஃபில் சண்டை போட்டுச் சாகும்போது அதற்குள் இருக்கும் எலாஸ்டேஸ் என்கிற நொதி வெளியே கொட்டுகிறது. அது கிருமியை மட்டும் தாக்குவதில்லை, மூச்சுக்குழாய்ச் சுவரையும் அரிக்கிறது, ரோமங்களின் அசைவைக் கெடுக்கிறது, சளியை இன்னும் சுரக்க வைக்கிறது. சளி கூடினால் கிருமி கூடும், கிருமி கூடினால் நியூட்ரோஃபில் கூடும். 1986இல் பீட்டர் கோல் என்கிற பிரிட்டிஷ் மருத்துவர் இதை ஒரு நச்சுச் சுழற்சி என்று விவரித்தார், இன்றைக்கும் அந்த விளக்கம்தான் அடிப்படை. செத்த நியூட்ரோஃபில்களை அள்ளி விழுங்கித் துப்புரவு செய்ய வேண்டிய மேக்ரோஃபேஜ் என்கிற செல், நீடித்த சளி இருமல் உள்ள குழந்தைகளில் அந்த வேலையைச் சரியாகச் செய்வதில்லை என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2016இல் காட்டியது. அந்தச் செல் பிறவியிலேயே மந்தமா, கிருமி அதை மந்தமாக்கியதா என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை.

அப்படியென்றால் இரத்தத்தில் குறை ஏதும் இல்லையா? பெரும்பாலான இந்தக் குழந்தைகளுக்கு ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். என்கிற எதிர்ப்புப் புரதங்களின் அளவு சரியாகவே இருக்கிறது, தடுப்பூசிக்கு உடம்பு சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. வயசுக்கு உரிய பலவீனம் என்று ஒன்று இருக்கிறது, அது எல்லாக் குழந்தைக்கும் உண்டு: அம்மாவிடமிருந்து வந்த ஐ.ஜி.ஜி. ஆறு மாதத்துக்குள் தீர்ந்துவிடும், சொந்தமாக ஐ.ஜி.ஏ. பெரியவர்கள் அளவுக்கு வரப் பல வருஷம் ஆகும், நிமோகாக்கஸ் போன்ற கிருமியின் மேலுறைக்கு எதிராக இரண்டு வயதுக்குக் கீழ் உடம்பு சரியாக எதிர்ப்பை உருவாக்காது. இன்னொரு நுணுக்கமான சேதியும் உண்டு. மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோன ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகளின் இரத்தச் செல்களை ஹீமோஃபிலஸோடு சேர்த்து வைத்தபோது, இன்டர்ஃபெரான்-காமா என்கிற பொருளை அவை குறைவாகச் சுரந்தன. அதாவது எல்லாக் கிருமிக்கும் பொதுவான குறை இல்லாமல், அந்த ஒரு கிருமிக்கு மட்டும் ஒரு தனிக் குறை சிலருக்கு இருக்கக்கூடும். இது பரிசோதனைக்கூடத்தில் பார்த்தது, நம் ஊர் லேபில் எடுக்கிற டெஸ்ட் இல்லை, இதை வைத்து இன்றைக்கு எந்த மருந்தும் மாறாது. ஆகவே இம்யூனிட்டி சிரப் வாங்காதீர்கள். ஏற்கெனவே கூட்டம் கூடிச் சண்டை நடக்கிற இடத்துக்கு இன்னும் ஆள் அனுப்புவதால் ஆவது ஒன்றுமில்லை. இருக்கிற தேக்கத்தைக் காலி செய்வதுதான் காரியம். அந்தக் காசுக்கு முட்டையும் பழமும் வாங்கிக் கொடுங்கள்.

இந்த நிலைமைக்கு நீடித்த பாக்டீரியா பிராங்கைட்டிஸ் (மூச்சுக்குழாய் அழற்சி) என்று பெயர். 2006இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மருத்துவர்கள் இதைத் தனியாக வரையறுத்தார்கள். அதற்கு முன்னால் இந்தக் குழந்தைகளில் பலருக்கு ஆஸ்துமா என்று பெயர் வைத்து இன்ஹேலர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நம் பக்கம் இன்னமும் அது நடக்கிறது. அடையாளம் மூன்று: நான்கு வாரத்துக்கு மேல் தினசரி சளி இருமல், வேறு நோயைக் காட்டும் அறிகுறி எதுவும் இல்லாதிருத்தல், சரியான ஆன்டிபயாடிக்கை இரண்டு வாரம் கொடுத்தால் இருமல் முழுசாக நிற்பது. 2012இல் அதே நகரத்தில் 50 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் இரண்டு வாரம், பாதிப் பேருக்கு மருந்தில்லாத சிரப். மருந்து எடுத்தவர்களில் 48 சதவீதம் பேருக்கு இருமல் நின்றது, எடுக்காதவர்களில் 16 சதவீதம். இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் படியுங்கள்: மருந்து வேலை செய்கிறது என்பது உறுதி, ஆனால் இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் நிற்கவில்லை என்பதும் உண்மை. 2021இல் இரண்டு வாரத்தையும் நான்கு வாரத்தையும் ஒப்பிட்டார்கள். குணமானவர்கள் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நான்கு வாரம் எடுத்தவர்களுக்கு அடுத்த தடவை இருமல் வர நடுமதிப்பாக 150 நாள் ஆனது, இரண்டு வாரக் குழுவில் 36 நாள்தான்.

உங்கள் பையனுக்கு மூன்று தடவை ஐந்து நாள் கொடுத்தது மொத்தம் பதினைந்து நாள் ஆயிற்றே என்று தோன்றும். அப்படிக் கூட்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் பாதியில் விட்டால் பிழைத்தவை மறுபடி பெருகும். எந்த மருந்து என்பதும் முக்கியம். மொராக்செல்லா கிட்டத்தட்ட எல்லாமே வெறும் அமாக்சிசிலினை உடைத்துப் போடும் நொதியை வைத்திருக்கிறது, ஹீமோஃபிலஸிலும் கணிசமானவை வைத்திருக்கின்றன, அதனால்தான் கிளாவுலனேட் சேர்ந்த மருந்து. மூன்று நாள் அசித்ரோமைசின் நம் பக்கத்தில் மிட்டாய் மாதிரி எழுதப்படுகிறது, அதற்கு மசியாத நிமோகாக்கஸ் நம் நாட்டில் நிறைய. இதைப் படித்துவிட்டு நீங்களே கடையில் வாங்கி இரண்டு வாரம் கொடுத்துவிடாதீர்கள், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அளவு எடையைப் பொறுத்தது, அதைவிட முக்கியமாக, கொடுப்பதற்கு முன்னால் வேறு சில காரணங்களை ஒதுக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சோதனைகள் நடந்த நாட்டில் டி.பி. ரொம்ப அபூர்வம். நம் ஊர் அப்படி இல்லை. பெருந்துறை சானடோரியத்தை அறிந்த தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது, அந்தப் பயம் நியாயமான பயம்தான். வீட்டில், பக்கத்துத் தறிப்பட்டறையில், பையனைத் தூக்கிக் கொஞ்சுகிற யாருக்காவது நாள்பட்ட இருமலோ டி.பி. சிகிச்சையோ இருக்கிறதா என்று நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள். எடை ஏறவில்லை, மாலையில் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றால் தாமதிக்கக் கூடாது. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனை, நல்ல எக்ஸ்ரே, தேவைப்பட்டால் அதிகாலையில் வெறும் வயிற்றிலிருந்து எடுத்த நீரில் டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் சோதனை, இதெல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். லீவோஃபிளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்துகள் டி.பி.யை அரைகுறையாக அடக்கி ஒளித்துவைக்கும் என்பதால், டி.பி. சந்தேகம் தீராமல் அவற்றைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது கடலைக்காய். நம் பக்கத்து வீடுகளில் கடலை உரிக்காத நாள் உண்டா? மூன்று வயதுக்குள் கடலைப் பருப்போ புளியங்கொட்டையோ பட்டாணியோ மூச்சுக்குழாய்க்குள் போய் மாட்டிக்கொண்டால், முதலில் பொரையேறி ஒரு பலத்த இருமல் வரும், அப்புறம் அடங்கிவிடும், வீட்டில் மறந்தும் போவார்கள். வாரங்கள் கழித்து அது சளி இருமலாகத் திரும்பும். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது, எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். இந்த இருமல் சளிக்காய்ச்சலோடு தொடங்கியதா, திடீரென்று ஒருநாள் எதையோ தின்னும்போது தொடங்கியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள், அன்றைக்குப் பையனை வைத்திருந்த அப்பத்தாவையும் அம்மிச்சியையும் கேளுங்கள். குற்றம் சொல்கிற தொனியில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், சாதாரணமாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி செய்து எடுப்பதுதான் வழி, ஆன்டிபயாடிக் எத்தனை வாரம் கொடுத்தும் பயனில்லை.

அலர்ஜி, ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் வறட்டு இருமல், இராத்திரியில் அல்லது ஓடினால் அதிகம், விசில் சத்தம், நெபுலைசர் வைத்த அரை மணியில் நிம்மதி. உங்கள் பையனுக்கு நெபுலைசரில் மாற்றமே இல்லை என்று எழுதியிருப்பதால் எனக்கு அந்தப் பக்கம் சந்தேகம் குறைவு, ஆனால் இரண்டும் சேர்ந்தே இருக்கும் குழந்தைகளும் உண்டு. மூச்சுக்குழாய்ச் சுவரின் குருத்தெலும்பு கொஞ்சம் தளர்ந்திருப்பது இந்தக் குழந்தைகளில் அடிக்கடி காணப்படுகிறது. மூச்சை வெளியே விடும்போது குழாய் மடங்கிச் சளி தேங்கும். வளர வளரப் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உண்மையான எதிர்ப்புக் குறைபாட்டை எப்போது தேட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நிமோனியா, உள்ளுறுப்பில் சீழ்க்கட்டி, ஒரு வயதுக்கு மேலும் வாயில் போகாத வெண்படலம், தீராத காதுச் சீழ், எடை ஏறாமை, குடும்பத்தில் சின்ன வயதிலேயே இறந்த ஆண் குழந்தைகள், இவற்றில் ஏதாவது இருந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். பிறந்த நாளிலிருந்தே மூக்கடைப்பும் ஈர இருமலும் இருந்தால், விரல் நுனி பருத்திருந்தால், மலம் எண்ணெய்ப் பசையோடு நாறினால், சளியில் இரத்தம் வந்தால் நுரையீரல் நிபுணரிடம் நேராகப் போங்கள். நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுவது இன்னும் உண்டு. மூச்சுக்குழாய் ரோமம் பிறவியிலேயே அசையாத நோய், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சில எதிர்ப்புக் குறைபாடுகள் எல்லாம் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே குறை சேர்ந்தால் வருபவை, அதனால் சொந்தத்தில் கட்டியிருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. இவை எல்லாம் அபூர்வம்தான், ஆனால் கேட்டால்தான் தெரியும்.

இருமல் நின்ற பிறகு திரும்பத் திரும்ப வருவதுதான் நான் கவலைப்படுகிற இடம். 161 குழந்தைகளை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2016இல் வந்தது. அதில் பதின்மூன்று பேர், அதாவது சுமார் 8 சதவீதம், மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோகும் பிராங்கியெக்டேசிஸ் நிலைக்குப் போனார்கள். வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் திரும்பியவர்களும், கழுவல் நீரில் ஹீமோஃபிலஸ் இருந்தவர்களும்தான் அதில் அதிகம். தொடக்க நிலையில் பிடித்தால் அந்த விரிவும் குழந்தைகளில் திரும்பச் சுருங்க வாய்ப்பு இருக்கிறது. ஆகவே நான்கு வாரம் சரியான மருந்து கொடுத்தும் நிற்கவில்லை, அல்லது வருஷத்தில் நான்காவது தடவை வந்துவிட்டது என்றால் பிராங்கோஸ்கோபியும் சி.டி. ஸ்கேனும் பற்றிப் பேச வேண்டிய நேரம்.

வீட்டில் செய்ய வேண்டியது புகையிலிருந்து தொடங்குகிறது. தலைக்கு ஊற்றிவிட்டுச் சாம்பிராணி போடுவது நம் வீடுகளில் அன்போடு செய்கிற காரியம், ஆனால் இந்தப் பையனுக்கு வேண்டாம். கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். புகை, மூச்சுக்குழாய் ரோமங்களைத் தளர்த்திவிடும் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. தறி ஓடுகிற கூடத்தில் தொட்டில் கட்டாதீர்கள்: பஞ்சுத் தூசியில் பாக்டீரியாவின் நச்சுப்பொருள் ஒட்டியிருக்கும், அது நியூட்ரோஃபிலை வரவழைக்கும் என்பது மில் தொழிலாளர்களிடம் நன்றாகத் தெரிந்த விஷயம். மூக்கில் எண்ணெய் விடுவது, தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவது இரண்டும் கூடவே கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே ஒரு தனி நிமோனியா. கற்பூரவல்லி, துளசிச் சாறு கொஞ்சம், மிளகு போட்ட நாட்டுக்கோழி ரசம் இதெல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும், ஒரு வயது தாண்டிவிட்டதால் தேனும் கொடுக்கலாம், கிருமியை விரட்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடிக்க வேண்டாம், அதில் வெந்துபோய் வருகிற குழந்தைகளைப் பார்க்க மனசு தாங்காது. இருமலை அடக்குகிற சிரப்பும் வேண்டாம், சளி வெளியேற இருமல்தான் வழி. குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளி மருந்து 4 வயதுக்குக் கீழ் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023இல் சொல்லிவிட்டது. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்: ஐந்து நோய்க்கான பெண்டாவேலண்ட் ஊசி 2011 டிசம்பரிலிருந்தே தமிழ்நாட்டில் இருக்கிறது, அதில் பி வகை ஹீமோஃபிலஸுக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் இந்த இருமலில் வருகிற ஹீமோஃபிலஸ் மேலுறை இல்லாத வேறு வகை, அதற்கு அந்த ஊசி உதவாது. நிமோகாக்கஸ் ஊசி 2021இலிருந்து அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள், விட்டுப்போயிருந்தால் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது இருமல் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு போங்கள், பெரும்பாலும் டாக்டர் முன்னால் குழந்தை இருமாது. இதுவரை கொடுத்த மருந்து பாட்டில்கள், எக்ஸ்ரே படம், எடை எழுதிய அட்டை எல்லாம் ஒரு பையில். "நாலு வாரத்துக்கு மேல சளி இருமல் இருக்குங்க, டி.பி.யும் கடலை மாட்டியதும் இல்லைன்னு பார்த்துட்டு, ரெண்டு வாரம் முழுசா மருந்து கொடுத்துப் பார்க்கலாமுங்களா" என்று நேராகவே கேளுங்கள், கோபித்துக்கொள்ளும் டாக்டர் குறைவு. மருந்து தொடங்கினால் தினமும் இருமல் இருந்ததா, ஈரமா வறட்டா என்று காலண்டரில் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று நாளாவது ஓர் இருமலும் இல்லாமல் போனால்தான் நின்றது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "பரவாயில்லை, குறைந்திருக்கிறது" என்பது நின்றதாக ஆகாது. பால்வாடிக்கு அனுப்பலாமா என்றால், டி.பி. இல்லை என்று தெரிந்த பிறகு, காய்ச்சலும் இல்லை என்றால் அனுப்பலாம், இந்த இருமலுக்காக அவனைத் தனியாக வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே போனால் புதிதாகச் சளி பிடிக்கும், அதனால் மருந்து எடுக்கிற இரண்டு வாரமும் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.